காப்புரிமைக்கு விலை போடும்போது: செலவா, சந்தையா, வருமானமா?

கருவிகள் செய்யும் ஒரு சிறு நிறுவனம், இரண்டு பங்குதாரர்கள். ஒருவர் விலகுவதால் கணக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. கட்டடம், இயந்திரங்கள், கையிருப்புச் சரக்கு எல்லாவற்றுக்கும் விலை போட்டாயிற்று. ஒரு வால்வு வடிவமைப்புக்கு வாங்கிய காப்புரிமை (பேட்டன்ட்) மட்டும் பாக்கி. மூன்று மதிப்பீட்டாளர்களைக் கேட்டார்கள். ஒருவர் 40 என்றார், அடுத்தவர் 125 என்றார், மூன்றாமவர் 300 என்றார். (அந்த வால்வின் ஆண்டு விற்பனை 1000 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.) விலகுகிறவர் 300ஐப் பிடித்துக்கொண்டார், இருப்பவர் 40ஐ. எதிராளி ஆள் வைத்து அறிக்கை எழுதி வாங்கிவிட்டார் என்று இருவருமே நம்பினார்கள்.

அந்த மூன்று அறிக்கைகளையும் நான் வரி வரியாகப் படித்தேன். எதிலும் பொய் இல்லை. 40 போட்டவர், இதை உருவாக்க என்ன செலவாகும் என்று பார்த்திருந்தார். 300 போட்டவர், இதுபோன்ற ஒன்று வெளியே என்ன விலைக்குப் போனது என்று பார்த்திருந்தார். 125 போட்டவர், இது இனிமேல் எவ்வளவு சம்பாதித்துத் தரும் என்று பார்த்திருந்தார். சர்வதேச மதிப்பீட்டுத் தரநிலைகள் ஏற்றுக்கொள்ளும் மூன்று அணுகுமுறைகளும் இவைதான்: செலவு, சந்தை, வருமானம். இவற்றில் எதை எடுப்பது என்ற குழப்பத்தோடுதான் பெரும்பாலானவர்கள் வருகிறார்கள். அந்தக் குழப்பம் தீர, முதலில் சில விஷயங்களைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

## கால்குலேட்டரை எடுப்பதற்கு முன்

எதற்காக இந்த மதிப்பு? விற்பதற்கா, கடனுக்குப் பிணை வைப்பதற்கா, வரிக்கா, பங்குதாரர் கணக்கைத் தீர்க்கவா, வழக்குக்கா? கடன் கொடுப்பவருக்கு, நீங்கள் தவணை கட்டாமல் போனால் இதை அவசரமாக விற்றால் என்ன கிடைக்கும் என்பதுதான் கவலை. வாங்க வருபவருக்கு, தன் கையில் வந்தால் இது எவ்வளவு தரும் என்பதுதான் கணக்கு. ஒரே காப்புரிமைக்கு இந்த இரண்டு எண்களும் வேறு வேறாகத்தான் வரும், வரவும் வேண்டும்.

உரிமை உண்மையில் யார் பெயரில் இருக்கிறது? இதைச் சொன்னால் பலருக்கும் அலுப்பாக இருக்கும். ஆனால் மதிப்பீடு கவிழ்வது அதிகமும் இங்கேதான். 1998இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் ரோல்ஸ் ராய்ஸ் கார் தொழிலை விக்கர்ஸ் நிறுவனத்திடமிருந்து 430 மில்லியன் பவுண்டுக்கு வாங்கியது. ஆலை வந்தது, வடிவமைப்புகள் வந்தன. ஆனால் ரோல்ஸ் ராய்ஸ் என்ற பெயர் விமான எஞ்சின் செய்யும் தனி நிறுவனத்திடம் இருந்தது. அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமத்தை 40 மில்லியன் பவுண்டுக்கு பிஎம்டபிள்யூ பெற்றுக்கொண்டது. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே இப்படி என்றால், சிறிய நிறுவனங்களில் காப்புரிமை இன்னும் பழைய பொறியாளரின் பெயரிலேயே கிடப்பதில் வியப்பில்லை. எழுதிக்கொடுத்த ஒப்படைப்புப் பத்திரம் கையில் இருக்கிறதா, பதிவேட்டில் பெயர் மாறியிருக்கிறதா, புதுப்பிப்புக் கட்டண ரசீதுகள் இருக்கின்றனவா என்று முதல் நாளே பாருங்கள்.

எந்த நாட்டில், இன்னும் எத்தனை ஆண்டு? காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி. உலகக் காப்புரிமை என்று ஒன்று கிடையாது. காலம், விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டு. அனுமதி கிடைக்கவே சில ஆண்டுகள் ஓடிவிடுவதால் கையில் மிஞ்சுவது குறைவு.

தடுக்கும் பலம் உண்டா? காப்புரிமை என்பது மற்றவரைத் தடுக்கும் உரிமை. நீங்கள் அந்தப் பொருளைச் செய்யலாம் என்ற அனுமதி அதில் இல்லை, ஏனென்றால் அதன் அடியில் இன்னொருவரின் காப்புரிமை இருக்கலாம். ஆகவே, விண்ணப்பத்தின் கடைசியில் இருக்கும் உரிமைக் கோரிக்கைகளைத்தான் படிக்க வேண்டும். முகப்பில் உள்ள தலைப்பும் படமும் எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும், கோரிக்கை குறுகலாக இருந்தால் போட்டியாளர் ஒரு திருகாணியை மாற்றிவிட்டுத் தாண்டிப் போய்விடுவார்.

இந்த எண்ணை யார் கேள்வி கேட்பார்கள்? தணிக்கையாளர், வரி அதிகாரி, எதிர்த்தரப்பு வழக்கறிஞர், வாங்குபவரின் நிதி அலுவலர் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவுக்கு ஆதாரம் வேண்டும். மதிப்பீட்டுக்கு ஆகும் கட்டணமும் அதைப் பொறுத்தே ஏறும்.

இத்தனையையும் மனதில் வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இப்படி இருக்கும்:

| | செலவு வழி | சந்தை வழி | வருமான வழி |
|---|---|---|---|
| கேட்கும் கேள்வி | மறுபடி உருவாக்க என்ன ஆகும்? | இதுபோன்றது என்ன விலைக்குப் போனது? | இனி எவ்வளவு தரும்? |
| தேவையான தகவல் | செலவுப் பதிவேடு, வேலை நேரம் | ஒப்பிடத்தக்க விற்பனை, உரிம ஒப்பந்தங்கள் | விற்பனைக் கணிப்பு, ராயல்டி (உரிமையைப் பயன்படுத்தக் கட்டும் தொகை) விகிதம், ஆயுள், தள்ளுபடி விகிதம் (எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் சதவீதம்) |
| நன்றாகப் பொருந்துவது | உள்பயன்பாட்டு மென்பொருள், தரவுத் தொகுப்பு | வணிகக் குறி, இணைய முகவரி, உரிமம் அடிக்கடி கைமாறும் துறைகள் | விற்பனையில் இருக்கும் பொருளின் காப்புரிமை, பாடல் உரிமை |
| மறைந்திருக்கும் செலவு | பயனே இல்லாத செலவும் மதிப்பாகக் காட்சி தரும் | தகவலை வாங்கும் கட்டணம், பொருந்தாத ஒப்பீடு | அனுமானத்தை அசைத்தால் விடை ஆடும், ரகசியக் கணிப்புகள் வெளியே போகும் |

## செலவு வழி

எளிதானது, மலிவானது, கணக்குப் புத்தகத்திலிருந்தே எடுக்கலாம். பொறியாளர் சம்பளம், மாதிரிகள், சோதனை, வழக்கறிஞர் கட்டணம், பதிவுக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பழமைக்குக் கழித்தால் ஒரு எண் வரும். அந்த வால்வுக்கு வந்த 40 இப்படித்தான் வந்தது.

இதில் இரண்டு வகை உண்டு. பட்ட பாட்டையெல்லாம் திரும்பப் பட்டால் ஆகும் செலவு ஒன்று. அதே வேலையைச் செய்யும் வேறொன்றை இன்றைக்கு உருவாக்க ஆகும் செலவு மற்றொன்று. தோற்றுப்போன ஏழு மாதிரிகள் முதல் வகையில் சேரும், இரண்டாவதில் சேராது. எந்த வகை என்று சொல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

"குறைந்தது செலவழித்த பணமாவது தேறும்" என்று பலரும் இந்த எண்ணை அடித்தளமாக நினைக்கிறார்கள். நான் இதைப் பெரும்பாலும் கூரையாகப் பார்க்கிறேன். வாங்குபவர் 60 செலவில் உங்கள் காப்புரிமையைத் தொடாமல் அதே பயனைத் தரும் வேறு வடிவமைப்பைச் செய்ய முடியும் என்றால், அந்த 60க்கும் காத்திருப்பதால் அவர் இழக்கும் விற்பனைக்கும் மேல் அவர் உங்களுக்கு ஏன் தர வேண்டும்? பேரம் பேசப் போகும் முன் இந்த எண்ணைத் தெரிந்துவைத்துக்கொள்வது பெரிய பலம். மாற்று வழியே இல்லாத அளவுக்குக் கோரிக்கை அகலமாக இருந்தால் இந்தக் கூரை விலகிவிடும். அப்போது செலவுக்கும் மதிப்புக்கும் தொடர்பே இல்லை. ஒரு பிற்பகலில் தோன்றிய யோசனை பல கோடி தரலாம், பத்தாண்டு உழைப்பு ஒன்றும் தராமலும் போகலாம்.

நிறுவனத்துக்கு உள்ளேயே பயன்படும் மென்பொருள், நேரடியாக வருமானம் தராத தரவு, இன்னும் சந்தைக்கே வராத தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கு இதை எடுங்கள். விற்பனையில் இருக்கும் பொருளின் காப்புரிமைக்கு இது ஒரு சரிபார்ப்பாக மட்டும் இருக்கட்டும்.

## சந்தை வழி

வீட்டுக்கும் நிலத்துக்கும் எல்லாரும் செய்வதுதான்: பக்கத்து மனை என்ன விலைக்குப் போனது என்று பார்ப்பது. கேட்பவருக்கு உடனே புரிவதால் இதற்குத் தனி மரியாதை உண்டு. சிக்கல் என்னவென்றால், ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் போல இல்லாமல் இருந்தால்தான் காப்புரிமையே கிடைக்கும். அதற்குப் போய் இணையான ஒன்றைத் தேட வேண்டியிருக்கிறது.

பெரிய விற்பனைகள் மூன்றைப் பாருங்கள். திவாலான நார்ட்டெல் நிறுவனத்தின் சுமார் 6000 காப்புரிமைகளும் விண்ணப்பங்களும் 2011இல் ஏலத்தில் 4.5 பில்லியன் டாலருக்குப் போயின. 2012இல் ஏஓஎல் நிறுவனத்தின் 800 சொச்சம் காப்புரிமைகளுக்கு மைக்ரோசாஃப்ட் 1.056 பில்லியன் டாலர் தந்தது. அதே ஆண்டின் கடைசியில் கோடாக் நிறுவனத்தின் சுமார் 1100 எண்ம நிழற்படக் காப்புரிமைகளுக்குக் கிடைத்தது சுமார் 525 மில்லியன் டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு காப்புரிமைக்கு முறையே ஏழரை லட்சம், பதின்மூன்று லட்சம், நாலே முக்கால் லட்சம் டாலர். ஒன்றரை ஆண்டு இடைவெளிக்குள், தொழில்நுட்பத் துறைக்குள்ளேயே, கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். "ஒரு காப்புரிமை சராசரியாக இவ்வளவு போகும்" என்று யாராவது ஆரம்பித்தால் இந்த மூன்று எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கோடாக் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தத் தொகுப்புக்கு 2 பில்லியன் டாலருக்கு மேல் வரும் என்று முன்பு மதிப்பிட்டிருந்தார்கள். கிடைத்தது அதில் சுமார் நாலில் ஒரு பங்குதான். நார்ட்டெல் ஏலத்தில் பெரிய கைகள் ஒன்றோடொன்று மோதின. கோடாக் விற்பனையிலோ வாங்குபவர்கள் ஒரே குழுவாகச் சேர்ந்துவிட்டார்கள், விற்பவருக்குப் பணமுடையும் இருந்தது. சந்தை விலை காப்புரிமையின் தரத்தைச் சொல்வதைவிட, அன்றைக்கு மேஜையின் எதிர்ப்புறம் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்பதைச் சொல்வதே அதிகம்.

சிறிய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் வெளியே வருவதே இல்லை. வருவனவற்றைத் தொகுத்துத் தரும் தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்ட வேண்டும். கிடைக்கும் ஒப்பந்தத்திலும் உள்ளே என்ன கட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த வால்வு அறிக்கையின் 300 எங்கிருந்து வந்தது தெரியுமா? உண்மையாகவே 300க்கு நடந்த ஒரு விற்பனையிலிருந்து. ஆனால் அந்த விற்பனையில் ஐந்து காப்புரிமைகள், தயாரிப்புக் குறிப்புகள், இரண்டு ஆண்டுக்கு உதிரிபாகம் வழங்கும் ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்து இருந்தன. பிற்சேர்க்கையில், சிறிய எழுத்தில்.

ஒரே துறையில் உரிமங்கள் அடிக்கடி கைமாறும்போதும், வணிகக் குறிகளுக்கும், பல நிறுவனங்கள் போட்டியிடும் ஏலத்துக்கும் இந்த வழி நல்லது. மற்ற நேரங்களில் விலையை இதிலிருந்து எடுக்காமல் ராயல்டி விகிதத்தை மட்டும் எடுத்து, அதை அடுத்த வழிக்குக் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்தது.

## வருமான வழி

இதில் அதிகம் புழங்குவது ராயல்டி தவிர்ப்பு முறை. இந்தக் காப்புரிமை உங்களுடையதாக இல்லாமல் இன்னொருவருடையதாக இருந்திருந்தால் அவருக்கு ராயல்டி கட்டியிருப்பீர்கள். கட்டாமல் மிச்சப்படும் அந்தப் பணம்தான் காப்புரிமையின் வருமானம்.

வால்வுக் கணக்கைப் பார்ப்போம். ஆண்டு விற்பனை 1000. நியாயமான ராயல்டி 5 சதவீதம், அதாவது 50. வரி 25 சதவீதம் போனால் 37.5. காப்புரிமைக்கு இன்னும் 6 ஆண்டு ஆயுள். எதிர்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர 20 சதவீதத் தள்ளுபடி விகிதம். கூட்டினால் சுமார் 125. சரி, இதில் ஒன்றை மட்டும் அசைப்போம். ராயல்டி 3 சதவீதம் என்றால் 75. 7 சதவீதம் என்றால் 175. தள்ளுபடி விகிதம் 30 சதவீதம் என்றால் 99. புதிய தொழில்நுட்பம் வந்து நாலே ஆண்டில் பொருள் பழசாகிவிடும் என்றால் 97. ஒரே ஒரு எண்ணை மட்டும் தரும் அறிக்கையை நான் முழுசாக நம்புவதில்லை. எதை அசைத்தால் எவ்வளவு மாறும் என்ற பக்கம் அதில் இருக்க வேண்டும்.

அப்புறம், அந்த 125இலும் ஓட்டை இருந்தது. விற்பனையில் 30 சதவீதம் காப்புரிமை வாங்காத நாடுகளுக்குப் போனது. அங்கே யார் வேண்டுமானாலும் அந்த வால்வைச் செய்து விற்கலாம், ராயல்டி என்ற பேச்சுக்கே இடமில்லை. அதைக் கழித்து விற்பனையை 700 என்று வைத்தால் 87 வருகிறது. கடைசியில் இரண்டு பங்குதாரர்களும் இந்த 87ஐ வைத்துத்தான் பேச உட்கார்ந்தார்கள். ஏற்றுமதிப் பட்டியலையும் காப்புரிமைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதை மூன்று பேருமே செய்யவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ராயல்டி விகிதத்தை எங்கிருந்து எடுப்பது? லாபத்தில் நாலில் ஒரு பங்கு என்று ஒரு கட்டை விரல் விதி நெடுநாள் ஓடியது. யூனிலாக் நிறுவனம் மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கில் 2011இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. குறிப்பிட்ட காப்புரிமையோடு தொடர்பே இல்லாத விகிதம் என்பதுதான் காரணம். இன்றைக்கும் சில அறிக்கைகளில் அது எட்டிப் பார்க்கிறது. 1970இன் ஜார்ஜியா பசிபிக் வழக்கு கொடுத்த 15 அம்சப் பட்டியல் இன்னும் பயன்படுகிறது. அதன் மையம் எளிமையானது: காப்புரிமை மீறல் தொடங்குவதற்குச் சற்று முன்பு உரிமையாளரும் மீறியவரும் மனமொத்து உட்கார்ந்து பேசியிருந்தால் என்ன விகிதத்துக்கு ஒத்துக்கொண்டிருப்பார்கள்?

தொழில்நுட்பத் தரநிலைக்குள், அதாவது ஒரு துறையில் எல்லாரும் பின்பற்றும் பொது விதித்தொகுப்புக்குள், நுழைந்துவிட்ட காப்புரிமை என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். எல்லாரும் பயன்படுத்துகிறார்கள், எனவே மதிப்பும் மலைபோல என்று தோன்றும். ஆனால் நியாயமான விகிதத்தில் எல்லாருக்கும் தருவேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் அது தரநிலைக்குள் வந்திருக்கும். மோட்டோரோலா கேட்ட விகிதம் ஆண்டுக்கு 4 பில்லியன் டாலருக்கு மேல் வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொன்ன வழக்கில், 2013இல் சியாட்டில் நீதிமன்றம் நிர்ணயித்தது ஆண்டுக்கு சுமார் 1.8 மில்லியன் டாலர்.

ஆயுள் விஷயத்தில் ஓர் எடுத்துக்காட்டு போதும். ஃபைசரின் கொழுப்புக் குறைப்பு மருந்தான லிப்பிட்டாருக்கு 2011 நவம்பரில் அமெரிக்கப் பாதுகாப்பு முடிந்தது. அந்த ஆண்டு உலக விற்பனை சுமார் 9.6 பில்லியன் டாலர், அடுத்த ஆண்டு 4 பில்லியனுக்கும் கீழே. மருந்துத் துறையில் விழுவது மலைமுகட்டிலிருந்து விழுவது போல. மின்னணுத் துறையில் சட்ட ஆயுள் முடியும் முன்பே பொருள் செத்துவிடும். எது முன்னால் வருகிறதோ அதைத்தான் ஆயுளாக எடுக்க வேண்டும்.

ஒரே விற்பனையின் மேல் பல உரிமைகளை உட்கார வைப்பதும் அடிக்கடி நடக்கும் தவறு. 1000 விற்பனையில் லாபமே 90 என்றால், காப்புரிமைக்கு 50, பெயருக்கு 40, மென்பொருளுக்கு 30 என்று ராயல்டி போட்டுவிட்டுத் தனித்தனி அறிக்கை வாங்கினால் மொத்தம் 120 ஆகிவிடும். இல்லாத லாபத்தைப் பங்கு போட்ட கதை அது. எல்லா உரிமைகளையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

## இன்னும் ஒரு பைசாகூடத் தராத காப்புரிமை

ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வராத கண்டுபிடிப்புக்கு மேலே சொன்ன எதுவும் நேராகப் பொருந்தாது. இங்கே படிப்படியாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் வெற்றி பெறும் வாய்ப்பை வைத்துக் கணக்கிடுவார்கள். மருந்து நிறுவனங்களுக்கு இது கைவந்த கலை, ஏனென்றால் சோதனைக் கட்டங்களின் வெற்றி விகிதம் அவர்கள் கையில் இருக்கிறது. அந்த விகிதம் இல்லாத துறையில் இதைச் செய்தால் தசமப் புள்ளிக்கு அப்புறமும் இலக்கங்கள் வரும், நம்பிக்கைதான் வராது. அப்போது கோரிக்கையின் அகலம், மீதி ஆயுள், மீறினால் கண்டுபிடிக்க முடியுமா, மாற்று வழி உண்டா என்று மதிப்பெண் போட்டு ஒழுங்குபடுத்துவதே நேர்மையான வேலை. விலை கிடைக்காது, எதற்குப் பணம் போடலாம் என்று தெரியும்.

## வணிகக் குறி, பதிப்புரிமை, ரகசியம்

வணிகக் குறியைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், அதனால் வருமான வழியில் ஆயுள் தொல்லை குறைவு. ஆனால் நீங்களே வளர்த்த பெயரை இருப்புநிலைக் குறிப்பில் காட்ட முடியாது. சர்வதேசக் கணக்கியல் தரம் 38 அதைத் தெளிவாகத் தடுக்கிறது. 1988இல் பிரிட்டனின் உணவு நிறுவனமான ரேங்க் ஹோவிஸ் மெக்டூகல், தன் வணிகப் பெயர்களுக்கு 678 மில்லியன் பவுண்டு மதிப்புப் போட்டு இருப்புநிலைக் குறிப்பில் ஏற்றிப் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. இன்று அப்படிச் செய்ய வழியில்லை. அதே பெயரை இன்னொருவர் விலைக்கு வாங்கினால் அவர் கணக்கில் ஏறும். எனவே புத்தகத்தில் பூஜ்யமாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அந்தப் பூஜ்யத்தை வைத்து விலை பேச யாரையும் விடவும் வேண்டாம்.

பாடல், மென்பொருள் போன்றவற்றின் பதிப்புரிமைக்கு வருமான வழியே சரி, பழைய ராயல்டிப் பதிவுகள் இருப்பதால் கணிப்புக்குத் தரை கிடைக்கும். அந்தத் தரையும் நகரும். 1997இல் பாடகர் டேவிட் போவி தன் ராயல்டி வருமானத்தை அடகு வைத்து 55 மில்லியன் டாலர் கடன்பத்திரம் வெளியிட்டார். 2004இல் கடன்பத்திரங்களுக்குத் தரம் போடும் மூடிஸ் நிறுவனம் அதன் தரத்தைக் குறைத்தது, வருமானம் எதிர்பார்த்த அளவு இல்லை.

வணிக ரகசியத்துக்குக் காலாவதி கிடையாது, ஆனால் வெளியே தெரிந்த நாளோடு மதிப்பு தீர்ந்தது. அதற்கு மதிப்புப் போடும்போது முதலில் பூட்டைத்தான் பார்க்க வேண்டும்: யாருக்குத் தெரியும், யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், விலகிப்போனவர்கள் எங்கே இருக்கிறார்கள். ஒப்பிடச் சந்தையே இல்லாததால் செலவும் வருமானமும்தான் கதி.

## எதை எப்போது எடுப்பது

விற்பனையில் இருக்கும் பொருள் என்றால் ராயல்டி தவிர்ப்பை முதுகெலும்பாக வையுங்கள், சந்தை ஒப்பந்தங்களிலிருந்து விகிதத்தை எடுங்கள், மாற்று வடிவமைப்பின் செலவைக் கூரையாகப் பாருங்கள். கடனுக்கு என்றால் சந்தை வழியில் அவசர விற்பனை விலையையே கேட்பார்கள். வால்வின் 87ஐக் கொண்டுபோனால் அதில் ஒரு பகுதிதான் எடுபடும், அதற்காக மனம் கசக்க வேண்டாம். வழக்கு என்றால் உங்கள் பழைய மின்னஞ்சல்களும் பழைய மதிப்பீடுகளும் வெளியே வரும் என்பதை நினைவில் வையுங்கள். வரிக்காகக் குறைத்துக் காட்டிய எண், இழப்பீடு கேட்கும் நாளில் எதிராளியின் கையில் இருக்கும்.

அறிக்கைக்குப் பணம் கொடுக்கும் நிலையில் இல்லாதவர்களுக்கும் ஒரு மதிப்பீடு கட்டாயமாக வந்தே தீரும்: புதுப்பிப்புக் கட்டணம். அமெரிக்காவில் அனுமதி கிடைத்த மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் கட்ட வேண்டும். பல நாடுகளில் ஆண்டுதோறும். காப்புரிமைக்கு வயது ஏற ஏறக் கட்டணமும் ஏறும். அந்த அறிவிப்பு வரும்போது ஒரு தாளை எடுத்து, இந்த நாட்டில் இந்த உரிமையால் போன ஆண்டு என்ன விற்றது, இது இல்லாவிட்டால் யார் உள்ளே வருவார்கள், அவர் வந்தால் விலை எவ்வளவு இறங்கும் என்று மூன்று வரி எழுதுங்கள். தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள். எந்த மதிப்பீட்டாளரிடம் போனாலும் அவர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாள்களைத்தான்.